கல்லை வச்சிக்கிட்டு லேபிளைத் தூக்கிப் போட்டுடாதீங்க

உலகத்துலேயே பெரிய டைனோசர் நம்ம அரியலூர் மாவட்டத்துல திரிஞ்சிருக்கலாம். "திரிஞ்சிருக்கலாம்"னு இழுக்கறதுக்குக் காரணம், அந்த எலும்பு இப்போ உலகத்துல எங்கயுமே இல்ல.

1987-ல ஜிஎஸ்ஐ, அதாங்க இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, அங்க வேலை பார்த்த யாதகிரி, அய்யாசாமி ரெண்டு பேரும் கல்லமேட்டுப் பக்கம் கெடைச்ச எலும்புகளை வச்சு புருஹத்காயோசாரஸ் மேட்லியைனு பேர் வச்சாங்க. இடுப்பெலும்பு, தொடையெலும்புல ஒரு பகுதி, முன்னங்கால் எலும்பு ஒண்ணு, ஒரு வால் முள்ளெலும்பு, அப்புறம் பின்னங்கால்ல முட்டிக்குக் கீழ இருக்கற எலும்பு. அந்தக் கடைசி எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். அர்ஜென்டினால கெடைச்ச அர்ஜென்டினோசாரஸ்தான் பெருசுன்னு எல்லாரும் படிச்சிருப்போம், அதோட கீழ்க்கால் எலும்பே ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்ளோதான். மொதல்ல இதை மாமிசம் திங்கற வகைன்னு எழுதினாங்க, அப்புறம்தான் நீளக் கழுத்து வச்ச தாவரவுண்ணின்னு மாத்தினாங்க. 2023-ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைல 110-லேர்ந்து 130 டன் வரைக்கும் இருந்திருக்கலாம்னு கணக்குப் போட்டாங்க.

கணக்குப் போடலாம், சரி பார்க்கத்தான் முடியாது. எலும்பு உதிர்ந்து போச்சு. ஜிஎஸ்ஐ கிட்டங்கிக்குப் போய்ச் சேரறதுக்கு முன்னாடியே பொடிப்பொடியா போயிடுச்சுன்னு 2017-ல வந்த கட்டுரைலதான் வெளிப்படையா எழுதினாங்க, எழுதினவங்கள்ல ஒருத்தர் அதே அய்யாசாமிதான். 1987 கட்டுரைல இருந்தது எல்லாம் கோட்டுப் படம், போட்டோ கிடையாது. தோண்டினப்போ எடுத்த பழைய போட்டோக்கள் 2022-லதான் அச்சுல வந்துச்சு. நடுவுல முப்பது வருஷத்துக்கு மேல, இது எலும்பே இல்ல, கல்லாப் போன மரமா இருக்கும்னு பல பேர் சந்தேகப்பட்டாங்க. அப்படிச் சந்தேகப்பட்டவங்களையும் தப்பு சொல்ல முடியாது, ஏன்னா பக்கத்துலயே சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்துக் கெடக்கு, இந்தப் பகுதியில கல்மரம் ஒண்ணும் அதிசயமில்ல.

இதுல எனக்கு மனசு ஆறாத விஷயம் என்னன்னா, ஒரு விரக்கடை அளவு துண்டு மிஞ்சியிருந்தாக்கூட போதும். அதை மெல்லிசா அறுத்து, கண்ணாடிப் பட்டைல ஒட்டி, வெளிச்சம் ஊடுருவற அளவுக்குத் தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல வச்சா எலும்போட நுண்குழாய் தெரியுதா மரத்தோட செல் தெரியுதான்னு அப்பவே சொல்லிடலாம். முப்பது வருஷ சந்தேகம் ஒரு சாயங்காலத்துல தீர்ந்திருக்கும்.

தோண்டினவங்க மேல பழி போடறதுக்காக இதை எழுதல. கல்லமேட்டு மண்ணு களியும் உதிரி மணலுமா கலந்தது, அதுக்குள்ள இருக்கற எலும்பு தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா வெடிக்கும், வடகிழக்குப் பருவமழை வந்தா பள்ளம் பூரா தண்ணி. அந்த மாதிரி எலும்பை எடுக்கறதுக்கு முன்னாடி பசை ஊத்தி இறுக்கணும், சுத்தி ஈரக் காகிதம் வச்சு, சாக்குத் துணியை பிளாஸ்டர்ல நனைச்சுக் கட்டணும், கட்டு காஞ்சப்புறம்தான் மண்ணோட சேர்த்துப் பேத்துத் தூக்கணும். 2 மீட்டர் எலும்புக்கு அப்படிக் கட்டுப் போட்டா எத்தனை மூட்டை பிளாஸ்டர், எத்தனை ஆளு, என்ன வண்டின்னு யோசிச்சுப் பாருங்க. கண்டுபிடிக்கறதுக்கு ஒதுக்கற காசுல பத்துல ஒரு பங்கைக்கூட காப்பாத்தறதுக்கு ஒதுக்கறதில்ல, அந்தப் பழக்கம்தான் என் கோவம்.

இதுக்கு நேர்மாறா நடந்த கதையும் நம்ம நாட்டுலயே இருக்கு. 1828-ல ஜபல்பூர்ல ஸ்லீமன்னு ஒரு வெள்ளைக்கார கேப்டன் சில முள்ளெலும்புகளை எடுத்தார். ஆசியாவுலயே மொதல்ல கெடைச்ச டைனோசர் எலும்புங்கள்ல அது ஒண்ணு, ஆனா டைனோசர்ங்கற பேரே 1842-லதான் பொறந்துச்சுங்கறதால அப்போ யாருக்கும் அது என்னன்னு தெரியல. கை மாறி கை மாறி கல்கத்தா போய், கடைசியா 1877-ல லைடெக்கர்ங்கற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் அதுக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ்னு பேர் வச்சார். அதுக்கப்புறம் எலும்பு காணாமப் போச்சு. வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து தேடிப் பார்த்துட்டு தொலைஞ்சுதான் போச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க. 2012-ல மொகபே, சென்னு ரெண்டு புவியியலாளர்கள், மேட்லிங்கற ஆங்கிலேயப் புவியியலாளர் முன்னாடி சேகரிச்ச வேற எலும்புகளைத் தேடி கல்கத்தா ஜிஎஸ்ஐ கிட்டங்கில குடைஞ்சப்போ ஸ்லீமனோட முள்ளெலும்புல ஒண்ணு அதுக்குள்ள கலந்து கெடந்துச்சு. 1877 படத்தோட ஒப்பிட்டுப் பார்த்து அதேதான்னு உறுதி பண்ணி 2013-ல கரண்ட் சயின்ஸ்ங்கற ஆராய்ச்சிப் பத்திரிகைல எழுதினாங்க. திருடு போகல, உடையல, அந்தக் கட்டடத்துலயேதான் இருந்துச்சு. வேற தட்டுல மாறி வச்சுட்டாங்க, அவ்ளோதான்.

உதிர்ந்தது ஒண்ணு, தொலைஞ்சு கெடைச்சது ஒண்ணு. புவியியல் சேகரிப்புன்னு சொல்றப்போ ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது கண்ணாடிப் பெட்டில பளபளன்னு இருக்கற அமெதிஸ்ட், பெரிய தந்தம், இந்த மாதிரி. அதெல்லாம் இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா ஆராய்ச்சிக்கு உயிர்நாடியா இருக்கறது பெரும்பாலும் பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத ஐட்டம். ஒரு உயிரினத்துக்கு மொத மொதல்ல பேர் வைக்கறப்போ எந்தக் கல்லைக் கையில வச்சுக்கிட்டு வர்ணிச்சாங்களோ அந்தக் கல்லு, ஹோலோடைப்னு சொல்வாங்க, அதுதான் அந்தப் பேருக்குக் கடைசிச் சாட்சி. நாளைக்கு நீங்க புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சு இதுவும் அதுவும் ஒண்ணா வேறயான்னு சந்தேகம் வந்தா அந்தக் கல்லைத்தான் போய்ப் பார்த்தாகணும், புத்தகத்துல இருக்கற படம் பத்தாது. அடுத்தது, கட்டுரைல படம் போட்ட கல்லு, அளவு எடுத்த கல்லு, வேதியியல் சோதனைக்கு வெட்டின கல்லோட மிச்சம். அப்புறம் ஒருத்தர் ஒரு ஓடைக்கரையில அடியில இருந்து மேல வரைக்கும் அடுக்கடுக்கா எடுத்த மாதிரிகள், தனித்தனியா பார்த்தா வெறும் கல்லு, வரிசையோட இருந்தா ஒரு கடல் எப்படி ஏறி இறங்குச்சுன்னு சொல்லும். கடைசியா, எடுத்த இடமே இப்போ இல்லாமப் போன கல்லு.

கடைசில சொன்னது அரியலூருக்கு ரொம்பப் பொருந்தும். இந்த ஏரியாவுல 1840-கள்லயே கே, கன்லிஃப்னு ரெண்டு பேர் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கமெல்லாம் சிப்பியும் நத்தையும் அம்மோனைட்டும் (சுருள் ஓட்டோட வாழ்ந்து அழிஞ்சு போன கடல் உயிரினம்) பொறுக்கி லண்டனுக்கு அனுப்பி, 1846-ல எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அதை வர்ணிச்சு அச்சேத்தினார். அப்புறம் பிளான்ஃபோர்ட்ங்கற ஜிஎஸ்ஐ புவியியலாளர் வந்து பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்னு மூணு தொகுதியாப் பிரிச்சார், இன்னிக்கும் பாடப் புத்தகத்துல அந்தப் பேருங்கதான். சேர்ந்த புதைபடிவத்தையெல்லாம் வச்சு ஸ்டோலிச்காங்கற மொராவியாக்காரர் கல்கத்தாவுல உட்கார்ந்து 1873 வரைக்கும் தென்னிந்திய கிரெட்டேசியஸ், அதாவது டைனோசர்களோட கடைசிக் காலகட்டம், அந்தக் காலத்து உயிரினங்களைப் பத்தி பெரிய பெரிய தொகுதியா எழுதித் தள்ளினார். அடுத்த வருஷமே மத்திய ஆசியாவுல இருக்கற யார்க்கண்ட் போய்த் திரும்பற வழியில லடாக் மலைல இறந்துட்டார், கல்லறை லேல இருக்கு. மடகாஸ்கர்லயோ ஜப்பான்லயோ ஒருத்தர் அம்மோனைட் ஆராய்ச்சி பண்ணா இன்னிக்கும் ஸ்டோலிச்கா படத்தைப் புரட்டாம முடியாது. அந்தப் படத்துக்குப் பின்னாடி இருக்கற நெசக் கல்லுங்க கல்கத்தாவுல இருக்கு, ஃபோர்ப்ஸ் பார்த்தது லண்டன்ல இருக்கு.

அவங்க பொறுக்கின இடத்துக்கு இப்போ போய்ப் பாருங்க. கல்லங்குறிச்சி பக்கம் சுண்ணாம்புக்கல் பூரா சிமெண்டுக்குப் போயிட்டிருக்கு, டால்மியாபுரம் கல்லக்குடில பவளப்பாறை தெரிஞ்ச இடமெல்லாம் சுரங்கம். சிமெண்ட் வேண்டாம்னு சொல்ல வரல, அந்த ஊருங்களுக்கு அதுதான் சோறு போடுது, ஒரு வகையில சுரங்கம் வெட்டினதாலதான் பல அடுக்கு கண்ணுக்கே தெரிஞ்சுது. ஆனா வெட்டற ஒவ்வொரு நாளும் ஒரு அடுக்கு நிரந்தரமா போகுது. அதனால 160 வருஷத்துக்கு முன்னாடி எடுத்து வச்ச கல்லை இன்னொரு தடவ போய் எடுத்துக்கலாம்னு சொல்ல முடியாது.

லேபிள் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா நான் நேர்ல பார்த்து வயிறெரிஞ்சது அதுலதான். ஒரு காலேஜ்ல, பேர் வேண்டாம், ஜியாலஜி டிபார்ட்மென்ட்டை வேற பில்டிங்குக்கு மாத்தினாங்க. பழைய மர அலமாரிங்க, ஒவ்வொண்ணுலயும் தட்டுத் தட்டா இழுப்பறை. நான் போனப்போ இழுப்பறையெல்லாம் காலியாகி, உள்ள இருந்த கல்லு மொத்தமும் சிமெண்ட் சாக்குல. ஒண்ணைக் கையில எடுத்தேன், உள்ளங்கை அகலம் அம்மோனைட், துருப்பிடிச்ச பழுப்பு நெறம், சுருளோட நடுவுல காரை மண்ணு இன்னும் ஒட்டியிருக்கு, விரிசல்ல ஜிப்சம் பட்டை பட்டையா மின்னுது, ஒரு ஓரமா வெள்ளை பெயின்ட் தடவி அது மேல கருப்பு மையில பொடி எழுத்துல நம்பர். யாரோ ஒருத்தர் குனிஞ்சு உட்கார்ந்து பொறுமையா எழுதின நம்பர். அந்த நம்பருக்கு உரிய ரெஜிஸ்டர் எங்கன்னு கேட்டேன், பழைய பேப்பர் எல்லாம் எடைக்குப் போட்டாச்சுன்னாங்க. இழுப்பறைல கிடந்த சின்னச் சின்ன லேபிள் சீட்டெல்லாம் தரைல பெருக்கித் தள்ளியிருந்துச்சு. பட்டா இல்லாத நிலம் மாதிரிதான் அந்தக் கல்லு இனிமே, இருக்கு, ஆனா அதை வச்சு யாரும் எதுவும் நிரூபிக்க முடியாது. எந்த ஊரு, எந்த ஓடை, எந்த அடுக்கு, யார் எடுத்தது, எந்த வருஷம், ஒண்ணுமே தெரியாது. பசங்க கிளாஸ்ல அம்மோனைட் இப்படி இருக்கும்னு காட்டலாம், அதோட சரி.

லேபிள் இல்லாததை விட மோசம் பொய் லேபிள். 1989-ல ஜான் டேலன்ட்ங்கற ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் நேச்சர் பத்திரிகைல ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சண்டிகர்ல இருந்த ஒரு பேராசிரியர் இருபது வருஷத்துக்கு மேல இமயமலைல எடுத்தேன்னு எழுதின புதைபடிவங்கள்ல பல, மொராக்கோ மாதிரி வேற நாட்டுச் சரக்குன்னு. எத்தனையோ கட்டுரை, எத்தனையோ கூட்டு ஆசிரியர்கள், இமயமலையோட வயசையும் அடுக்கையும் அதை நம்பி வரைஞ்ச வரைபடங்கள், எல்லாமே சந்தேகத்துக்குள்ள போயிடுச்சு. கல்லு நெசம்தான், கல்லு எங்கயும் பொய் சொல்லல. கூட இருந்த சீட்டுதான் பொய்.

பழைய லேபிள்ல ஊர்ப் பேரு ஆங்கிலேயர் காதுல விழுந்த மாதிரி இருக்கும், ஊட்டத்தூரை ஊடடூர்ங்கற மாதிரி, ஒதியத்தை ஓடியம்ங்கற மாதிரி எழுதியிருப்பாங்க. புரியலன்னு புதுச் சீட்டு எழுதி பழசைக் கிழிச்சுப் போடறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. புதுசு எழுதுங்க, பழசையும் கூடவே வைங்க, கையெழுத்தை வச்சே யார் சேகரிச்சதுன்னு கண்டுபிடிச்ச கதையெல்லாம் நெறைய உண்டு.

கல்லு தானே, அது என்ன ஆகப்போகுதுன்னு ஒரு நெனப்பு இருக்கு. ஆகும். புதைபடிவத்துக்குள்ள பைரைட் இருந்தா, பார்க்க தங்கம் மாதிரி மின்னுமே அதுதான், அது காத்துல இருக்கற ஆக்சிஜனோடயும் ஈரத்தோடயும் சேர்ந்து கந்தக அமிலமா மாறும். மொதல்ல மஞ்சளும் வெள்ளையுமா மாவு மாதிரி பூக்கும், கிட்ட மோந்தா மூக்குல சுருக்குனு ஏறும், அப்புறம் கல்லு விரியும், அடில இருக்கற லேபிள் பழுப்பாகி ஓட்டை விழும், அட்டைப் பெட்டியும் அரிக்கும், பக்கத்துக் கல்லுக்கும் போகும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல போனா இது வேகமெடுக்கும், நம்ம கடலோர ஊருங்கள்ல வருஷத்துல பாதி நாள் அதுக்கு மேலதான். தீர்வு ஒண்ணும் பெரிய செலவில்ல, பூத்த கல்லைத் தனியா பிரிச்சு, காத்துப் புகாத டப்பால சிலிகா ஜெல் போட்டு மூடி, மாசத்துக்கு ஒரு தடவ ஜெல் நெறம் மாறிடுச்சான்னு பார்த்தாப் போதும். அதைப் பார்க்கறதுக்கு ஒரு ஆள் வேணும், நம்ம ஊர்ல இல்லாதது அந்த ஆளுதான்.

அப்புறம் தீ. 1944 ஏப்ரல்ல மியூனிக் மேல குண்டு விழுந்தப்போ ஸ்ட்ரோமர்ங்கற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் எகிப்துல எடுத்த ஸ்பைனோசாரஸ்ங்கற டைனோசரோட மூல எலும்பு எரிஞ்சு போச்சு, 2018 செப்டம்பர்ல ரியோ டி ஜெனிரோ தேசிய அருங்காட்சியகம் எரிஞ்சுது, நம்ம டெல்லில 2016 ஏப்ரல் 26-ஆம் தேதி தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் விடியறதுக்குள்ள கரியாச்சு. ஸ்ட்ரோமர் நல்ல படமும் விரிவான வர்ணனையும் விட்டுட்டுப் போனதால ஸ்பைனோசாரஸ் பத்தி இன்னிக்கும் பேச முடியுது. அதனாலதான் சொல்றேன், இப்போ எல்லார் கையிலயும் போன் இருக்கு, ஸ்கேல் பக்கத்துல வச்சு எல்லாப் பக்கமும் நாலு போட்டோ எடுக்கறதுக்குப் பணம் காசு எதுவும் வேண்டாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ரங்கா ராவ் கல்லுங்க. ரங்கா ராவ் ஒரு இந்தியப் புவியியலாளர், காஷ்மீர் பக்கம் காலாகோட்ல இருந்து எலும்பு பதிஞ்ச பாறைகளை நெறைய சேகரிச்சார், 1971-ல அதுல ஒரு சின்ன மிருகத்துக்கு இண்டோஹ்யூஸ்னு பேர் வச்சார். பல கல்லை உடைச்சுப் பார்க்காமயே இறந்துட்டார். அவர் மனைவி அதையெல்லாம் தூக்கிப் போடல, பத்திரமா வச்சிருந்தாங்க. பிற்பாடு அந்தப் பாறைகள் ஹான்ஸ் தெவிசன்ங்கற ஆராய்ச்சியாளர் கைக்குப் போச்சு, அவர் லேப்ல சுத்தம் பண்றப்போ ஒரு மண்டையோட்டோட காது எலும்பு தவறிப் போய் உடைஞ்சுது, உடைஞ்ச எடத்துல பார்த்தா உள்பக்கச் சுவர் தடிமனா இருக்கு. அந்த மாதிரி காது எலும்பு திமிங்கலத்துக்குத்தான் இருக்கும்னு அதுவரைக்கும் நெனச்சிருந்தாங்க. பூனை அளவுல மான் மாதிரி கால் வச்ச ஒரு மிருகம் திமிங்கலத்தோட நெருங்கின சொந்தம்னு 2007 டிசம்பர்ல நேச்சர்ல வந்துச்சு. அத்தனையும் ஒரு வீட்டுல மூட்டையா கெடந்த கல்லுலேர்ந்து. அந்தம்மா எடத்தை அடைக்குதுன்னு ஒரு நாள் அலுத்துக்கிட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?

அந்த மாதிரி வீடு தமிழ்நாட்டுல எத்தனை இருக்கும்! ஜிஎஸ்ஐ, ஓஎன்ஜிசி, கனிம வளத்துறை, நெய்வேலி, சிமெண்ட் கம்பெனின்னு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க, அவங்க மாடி ரூம்ல ஒரு டிரங்குப் பெட்டி, அதுக்குள்ள துணிப்பை துணிப்பையா கல்லு, கூடவே பென்சில்ல கிறுக்கின ஃபீல்டு நோட்டு. பசங்க சென்னைலயோ அமெரிக்காவுலயோ இருப்பாங்க, வீட்டை விக்கறப்போ கல்லு தோட்டத்துக்குப் போகும், நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

சட்டம் இருக்கான்னு கேப்பீங்க. 2022 டிசம்பர்ல மத்திய சுரங்க அமைச்சகம் புவிமரபு இடங்களுக்கும் புதைபடிவம் மாதிரியான பொருட்களுக்கும் ஒரு மசோதா வரைவு வெளியிட்டுக் கருத்து கேட்டாங்க. அதிகாரம் மொத்தமும் ஜிஎஸ்ஐ கைக்கே போகுது, பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கு என்ன இடம்னு தொல்லுயிரியல்காரங்க பல பேர் எதிர்த்தாங்க, அந்த எதிர்ப்புல நியாயம் இருக்குன்னுதான் நானும் நெனைக்கறேன். ஒரே கிட்டங்கில எல்லாத்தையும் அடைச்சா என்ன ஆகும்னு டைட்டனோசாரஸ் கதையே சொல்லுது. பிரிட்டன்ல 1974-ல புவியியல் சேகரிப்புகளைப் பார்த்துக்கறவங்க தாங்களாவே ஒரு குழு ஆரம்பிச்சாங்க, எந்த மியூசியத்துல என்ன இருக்கு, என்ன கெட்டுப் போகுதுன்னு போய்ப் பார்த்து எழுதறதே மொத வேலையா வச்சுக்கிட்டாங்க. இங்கயும் மொதல்ல வேண்டியது அந்தப் பட்டியல்தான். எந்தக் காலேஜ்ல எத்தனை தட்டு, அதுல எது கட்டுரைல வந்த கல்லு, எதுக்கு ரெஜிஸ்டர் இருக்கு. எம்எஸ்சி பசங்களுக்கு ப்ராஜெக்டாவே குடுக்கலாம்.

வீட்டுல அப்பாவோ தாத்தாவோ ஜியாலஜிஸ்ட்டா இருந்து அந்த மாதிரி பெட்டி இருந்தா அவங்க நல்லா இருக்கறப்போவே பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு பையையும் எடுத்துக் காட்டி இது எந்த ஊருன்னு கேளுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணிக்குங்க. எந்தப் பையில எந்தக் கல்லு இருந்துச்சோ அது அதுலயே இருக்கட்டும், கழுவ வேண்டாம், ரெண்டு பையைக் கொட்டிக் கலக்கவே கூடாது. நோட்டைப் பக்கம் பக்கமா போட்டோ எடுங்க. அப்புறம் அவங்க எழுதின கட்டுரை ஏதாவது இருந்தா அதுல வர்ற நம்பரும் பையில இருக்கற நம்பரும் ஒத்துப் போகுதான்னு பாருங்க, ஒண்ணே ஒண்ணு ஒத்துப் போனாலும் அந்தப் பெட்டியோட மதிப்பு வேற. நீங்களா புதுசா ஏதாவது பார்த்தா, உருண்டையா இருக்கறதெல்லாம் டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க, 2020-ல பெரம்பலூர் குன்னத்துல அப்படித்தான் பரவி, அப்புறம் அது முட்டையில்ல, அம்மோனைட்டைச் சுத்திப் படிஞ்ச மண்ணு இறுகின உருண்டைன்னு நிபுணர்கள் சொன்னாங்க. எடுக்காம, இருக்கற எடத்துலயே போட்டோ எடுத்து லொகேஷனோட அனுப்புங்க. அரியலூர், பெரம்பலூர் பக்கம்னா வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துல விசாரிக்கலாம், மத்த மாவட்டம்னா பக்கத்துப் பல்கலைக்கழக ஜியாலஜி டிபார்ட்மென்ட். குடுக்கறப்போ எத்தனை பை, என்னென்ன நம்பர்னு ரெண்டு காப்பி எழுதி, ஒண்ணுல அவங்ககிட்ட கையெழுத்து வாங்கி நீங்க வச்சுக்குங்க.